கோணாமலையின் வாடகை ரசீது

"என்ட அப்பா பாலை மரத்தில வளை போட்டுக் கட்டின வீட்டுக்கு வாடகை அம்பது ரூபாயா?" என்று கேட்டாள் மங்கையற்கரசி.

கோணாமலை பிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். ஐம்பதில் தொடங்கியிருக்கக் கூடாது, நூறில் தொடங்கியிருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

"கடதாசிக்குத்தானே மங்கை. கடதாசியில அம்பது எண்டா என்ன, ஐயாயிரம் எண்டா என்ன?"

"அப்ப ஐயாயிரம் எண்டு போடுங்க."

"அங்கதான் சூட்சுமம் இரிக்கி. மாத்தலாகிப் போற ஊரில என்ன வாடகையோ, அதில இஞ்ச குடுக்கிற வாடகையைக் கழிச்சிப்போட்டு மிச்சத்தை அரசாங்கம் தரும். இஞ்ச குறையக் குறைய அங்க கூடும்."

"இஞ்ச நீங்க ஒண்டும் குடுக்கிறல்லையே. அந்த உண்மையைப் போட்டா முழுசையும் தருவாங்கதானே?"

"ரசீது கேக்கிறாங்க. ரசீது இல்லாட்டி ஒரு சதமும் இல்ல."

"இவ்வளவும் அந்தக் கடதாசியில இரிக்கா?"

"இரிக்கி."

"வடிவா வாசிச்சீங்களா?"

கோணாமலை தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

விசயம் இதுதான். கோணாமலை மட்டக்களப்பு நகரத்தில் ஒரு திணைக்களத்தின் கிளைக் கந்தோரில் தலைமை இலிகிதர். மேலதிகாரியின் கதிரை ஆறு வருஷமாக வெறுமையாகக் கிடந்தது. சண்டை நடக்கிற ஊருக்கு மேலதிகாரி வரமாட்டார், அவருடைய கடிதம்தான் வரும். கொழும்பிலிருந்து வருகிற அந்தக் கடிதங்கள் எல்லாம் சிங்களத்தில் இருக்கும். கந்தோரில் சிங்களப் பரீட்சை சித்தியடைந்தவர் கோணாமலை ஒருவர்தான். அதற்காக மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் இருபத்தைந்து ரூபாய் கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது.

அந்தச் சித்தி எப்படிக் கிடைத்தது என்பது அவருக்கும் பிள்ளையாருக்கும் மட்டும் தெரியும். பரீட்சைக்கு முன்னர், 'தாயாருக்குச் சுகமில்லை, இரண்டு நாள் லீவு வேண்டும்' என்ற ஒரேயொரு கடிதத்தைச் சிங்களத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனார். பரீட்சையில் சைக்கிள் வாங்கக் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். தாயாருக்குச் சுகமில்லாதபடியால் சைக்கிள் வேண்டும் என்று எழுதிவிட்டு வந்தார். திருத்தியவர் தாய்ப்பாசம் உள்ளவர் போலிருக்கிறது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம் அவருடைய பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். கொழும்பு, குருநாகல், பதுளை என்று மூன்று ஊரின் பெயர் தெரிந்தது. அதற்குப் பிறகு வீடு, வாடகை, ரசீது, மாற்றம் என்று நாலு சொல்லும், கடைசியில் சித்திரையில் ஒரு தேதியும் பிடிபட்டன. மற்றதெல்லாம் ஜிலேபிச் சுருள். கோணாமலை அந்த நாலு சொல்லையும் நாலு கப்பாக நட்டார். மேலே தன்னுடைய கற்பனையைக் கிடுகாக வேய்ந்தார். மாற்றம் வந்திருக்கிறது, மூன்று ஊரில் ஒன்றுக்குப் போக வேண்டும், வாடகை வித்தியாசத்தை அரசாங்கம் தரும், இங்கே கொடுக்கிற வாடகைக்கு ரசீது அனுப்ப வேண்டும். கொட்டில் பார்வைக்கு நல்ல உறுதியாகத்தான் இருந்தது.

பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது கோணாமலை இந்த இடத்தில் நிறுத்தி, தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொள்வார்.

அவருக்கு ஊரை விட்டுப் போகக் கொஞ்சமும் மனமில்லை. மகள் பேராதனையில் படித்துக்கொண்டு அங்கேயே விடுதியில் இருந்தாள். கல்லடியில் வாவிக்கரை ஓரமாக இருந்த அந்த வீட்டில் இவரும் மங்கையும் இரண்டே பேர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரை ஒருவர் விட்டு இருந்த நாட்களைக் கைவிரலில் எண்ணலாம். வித்தியாசக் காசு கிடைத்தால் மங்கையையும் கூட்டிக்கொண்டு போகலாம். கிடைக்காவிட்டால் எங்கேயோ ஒரு லொட்ஜில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு தனியே கிடக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு பாடு.

"அந்தக் கடதாசியை மஜீட் தம்பியிட்ட ஒருக்கா காட்டுங்களன்" என்றாள் மங்கை. "அவர் சிங்கள ஊரெல்லாம் புடவை வித்துத் திரிஞ்ச ஆள்தானே."

மஜீட் கந்தோரின் பியோன். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். அரசாங்க வேலை கிடைக்க முன்னர் பத்து வருஷம் குருநாகல் பக்கம் சாறன் பொட்டலத்தோடு வீடுவீடாக ஏறி இறங்கியவர்.

"தலைமை இலிகிதர் போய்ப் பியோனிட்டக் கடிதம் வாசிக்கக் குடுக்கிறதா? பேச்சுச் சிங்களம் வேற, எழுத்துச் சிங்களம் வேற மங்கை. உனக்கு இதெல்லாம் விளங்காது."

கோணாமலை எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்வார். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, நாலு நிரல் கீறி, மூன்று ஊருக்கும் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாதத்தில் மூன்று பதிலும் வந்து சேர்ந்தன.

வெள்ளவத்தையிலிருந்து மங்கையின் ஒன்றுவிட்ட தம்பி எழுதியிருந்தான். ஒரு அறை நாலாயிரம், ஒரு வருஷ வாடகை முற்பணம், குசினி மூன்று குடும்பத்துக்குப் பொது, காலையில் கக்கூசுக்கு வரிசை, வந்த அன்றே பொலிசில் பதிய வேண்டும். குருநாகலில் மஜீட்டின் பழைய முதலாளி மீராசாஹிப், ஆயிரத்தெண்ணூறுக்கு நல்ல வீடு ஒன்று இருப்பதாகவும் ஆனால் கருவாடு பொரித்தால் வீட்டுக்காரன் எழுப்பிவிடுவான் என்றும் எழுதினார். பதுளையில் முன்னர் கூட வேலை செய்தவர், வீடு ஆயிரத்திருநூறுதான், ரோட்டிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டும், கம்பளி தனிச் செலவு, மீன் வந்து சேரும்போது கடலை மறந்துவிட்டிருக்கும் என்று எழுதினார்.

மூன்று நிரலும் நிரம்பிவிட்டன. நாலாவது நிரலில் 'மட்டக்களப்பு' என்று தலைப்புப் போட்டு, 'வாடகை' என்பதற்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு கோணாமலை வெகுநேரம் இருந்தார்.

மட்டக்களப்பில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. ஆண் வந்து ஏறுகிறவன். கோணாமலை எழுபத்துநாலாம் ஆண்டு ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு குடையோடும் இந்த வீட்டில் வந்து ஏறினார். குடை அந்த வருஷமே தொலைந்துபோயிற்று. பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. மற்றதெல்லாம், கதிரை முதல் கிணற்று வாளி வரைக்கும், மங்கையின் சீதனம். இருபத்திரண்டு வருஷம் ஒரு சதமும் கொடுக்காமல் இருந்திருக்கிறேன், இதைவிட மலிவான ஊரை எந்த நிரலில் தேடப்போகிறேன் என்று அவருக்குத் தன்னை நினைக்கவே சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்போடுதான் ஐம்பது ரூபாய் என்று வாயைக் கொடுத்தார்.

மங்கை ஆயிரத்தைந்நூறில் நின்றாள். அதற்குக் கீழே இறங்கினால் தகப்பனின் ஆத்துமா சாந்தியடையாது என்றாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை நடந்து நானூறில் வந்து முடிந்தது. அந்தக் காலத்தில் நாட்டில் நடந்த பேச்சுவார்த்தைகளில் முடிவு கண்டது இது ஒன்றுதான்.

கோணாமலை ரசீதை எழுதி ஒப்பத்துக்கு நீட்டினார்.

"காசு?" என்றாள் மங்கை.

"என்ன காசு?"

"நானூறு ரூபாய் பெற்றுக்கொண்டேன் எண்டுதானே எழுதியிருக்கு. வாங்காத காசுக்கு நான் ஒப்பம் வைக்க மாட்டன். கோயிலுக்குப் போற குடும்பம்."

"சம்பளம் முழுக்க உன்ட கையிலதானே தாறன்."

"அது புருஷன் தாறது. இது வாடகை."

கோணாமலை தன்னுடைய வெற்றிலைச் செலவிலும் பேப்பர் செலவிலும் கைவைத்து நானூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தார். மங்கை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒப்பம் வைத்தாள். இதில் ஒரு நன்மையும் விளைந்தது. மூன்று வருஷமாகக் கூரையில் ஒழுக்கு. புருஷனாக இருந்தபோது அது கோணாமலையின் வேலை, ஆகவே நடக்கவில்லை. இப்போது அவர் வாடகைக்காரனாக நின்று, "மேல ஒழுகுது" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். மங்கை அடுத்த நாளே ஆளைப் பிடித்து ஓடுகளை மாற்றிப் போட்டாள்.

"வாடகை வாங்கினாச் செய்யத்தானே வேணும்" என்றாள்.

ரசீதைக் கிராம சேவகரான விதானையார் அத்தாட்சிப்படுத்தினால்தான் கொழும்பில் ஏற்பார்கள் என்று கோணாமலை தானாகவே முடிவுகட்டினார். விதானையார் நல்லரத்தினம் மங்கைக்கு மாமன் மகன். ரசீதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், நான் இதில முத்திரை குத்துறதெண்டா வீட்டுப் பதிவையும் மாத்தோணும். மறுகா ஆமிக்காரன் வந்து, வாடகை வாங்குற வீட்டில வாடகைக்காரன் ஆரெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுற?"

"குடும்பத் தலைவர் எண்டு என்ட பேர்தானே கிடக்கு."

"வீடு ஆர்ட பேரில?"

"மங்கைட பேரில."

"அப்ப தலைவர் அவதான்" என்றார் நல்லரத்தினம்.

சிவப்புப் பேனாவால் கோணாமலையின் பெயரை வெட்டினார். மேலே மங்கையற்கரசி, குடும்பத் தலைவி. கடைசி வரியில், கோணாமலை, ஆண், வயது நாற்பத்தெட்டு, வாடகைக்கு இருப்பவர். கோணாமலைக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் முத்திரை தெளிவாக விழுந்திருந்தபடியால் மனதைத் தேற்றிக்கொண்டார்.

பங்குனி மாதத்தில் ஒரு காலைநேரம் கல்லடியில் சுத்திவளைப்பு. ஆமிக்காரர்கள் வீட்டுப் பதிவை வைத்துக்கொண்டு வாசல் வாசலாக வந்தார்கள். குடும்பத்து ஆட்களைத் தொடவில்லை. வாடகைக்கு இருக்கிறவர்களை மட்டும் பள்ளிக்கூட வளவுக்கு வரச்சொன்னார்கள். கோணாமலை பல் விளக்கின வாயோடு, வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்திருந்த பெடியன்களுக்கு நடுவே போய்க் குந்தினார்.

அவருடைய முறை வந்தது. அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். எத்தனை நாளாக இங்கே தங்கியிருக்கிறாய் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். கோணாமலை வாயைத் திறந்தார். பயத்தில் உள்ளே இருந்த சிங்களம் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"தாயாருக்குச் சுகமில்லை, இரண்டு நாள் லீவு வேண்டும்."

அதிகாரி இரக்கத்தோடு தலையாட்டினார். தாயார் எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டார் போலிருக்கிறது. தாயார் போய்ப் பத்து வருஷம். கோணாமலை வானத்தைக் காட்டினார். அதிகாரியின் முகம் மாறியது.

நல்லகாலம், கல்லடிப் பாலத்துச் சென்றிக் காவலில் மறித்து வளவில் வைத்திருந்த சைக்கிள்காரர்களில் மஜீட்டும் இருந்தார். இவருடைய கோலத்தைக் கண்டு, அனுமதி கேட்டுக்கொண்டு ஓடிவந்தார். மஜீட் பேசின சிங்களத்தைக் கேட்டு அதிகாரி சிரிக்கவே தொடங்கிவிட்டார். அதற்குள் மங்கையும் ரசீதுகளோடு வந்து சேர்ந்தாள்.

மஜீட் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தார். "அக்கா, புருஷன் எண்டு செல்லிராதீங்க. லிஸ்டில வேற மாதிரிக் கிடக்கு. பொய் லிஸ்ட் எண்டு ரெண்டு பேரையும் இருத்திப்போடுவாங்க. இந்த ஆளை நல்லாத் தெரியுமா எண்டுதான் கேக்கிறாரு."

மங்கை கோணாமலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரியும். வாடகை ஒழுங்காத் தருவார்" என்றாள்.

அதிகாரி ஒரு துண்டில், இன்ன வீட்டு வாடகைக்காரர், வீட்டுக்காரியால் அடையாளம் காணப்பட்டார் என்று எழுதிக் கையில் கொடுத்தார். மஜீட்தான் அதை வாசித்துச் சொன்னார். சொல்லிவிட்டுத் தயங்கினார்.

"சேர், அந்த மாத்தக் கடிதத்தையும் நான் ஒருக்காப் பாக்கட்டா?"

"பேச்சுச் சிங்களம் வேற மஜீட்" என்றார் கோணாமலை. கண்முன்னே மஜீட் எழுத்துச் சிங்களத்தை வாசித்து முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வீம்புக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பள்ளிக்கூட வளவில் முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்கையற்கரசி புருஷனைப் புருஷன் என்று சொல்ல மறுத்துவிட்டாள், இரண்டு பேருக்கும் பேச்சில்லையாம், வீட்டுக்குள்ளேயே வாடகை வாங்குகிறாளாம் என்று அன்று பொழுதுபட முன்னமே கதை பாலத்தைக் கடந்து பட்டினத்துக்குப் போய்விட்டது.

நாலாம் நாள் உன்னிச்சையிலிருந்து இராசதுரை மாஸ்டர் பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து படலையில் நின்றார். அந்தப் பக்கம் ஷெல் விழுந்து, வீடும் வயலும் விட்டு எழும்பி வந்தவர்கள்.

"நீங்க அறை வாடகைக்கு விடுற எண்டு சொன்னாங்க அக்கா. ஒருத்தர் இரிக்காராம். மற்ற அறை இரிந்தாத் தாங்க. எழுநூறு தருவம்."

மங்கை அந்தப் பிள்ளைகளின் காலைப் பார்த்தாள். செருப்பில்லை. இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. வீட்டில் இருந்தது இரண்டு அறை. நாலு பேருக்குப் பெரிய அறையைத்தான் கொடுக்க முடியும். மகளின் சின்ன அறைக்கு மங்கை போனாள். அங்கே கிடந்தது ஒற்றைக் கட்டில்.

"அப்ப நான்?" என்று கேட்டார் கோணாமலை.

"நெல்லு மூடை கிடக்கிற சாமானறை இரிக்கே. நல்ல காத்து வரும்."

"நானும் வாடகை தாறன்தானே மங்கை."

"மாஸ்டர் எழுநூறு தாறார்" என்றாள் மங்கை. "நீங்கதானே நானூறுக்கு மேல போகாம நிண்ட நீங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். கோணாமலைக்குச் சிரிப்பு வரவில்லை. நெல் மூடைகளுக்கு நடுவே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு யோசித்தார். இரண்டு பேரும் பிரியக் கூடாது என்று செய்த வேலைகள் எல்லாம் சேர்ந்து, ஊரை விட்டுப் போக முன்னமே இரண்டு பேரையும் பிரித்து வைத்துவிட்டன. என்னைப்போல ஒரு புத்திசாலியைப் பெறுவதற்கு என் தாய் என்ன தவம் செய்தாளோ என்று மூடைக்குப் பின்னால் இருந்த எலியிடம் சொல்லிக்கொண்டார்.

ஆனாலும் கடதாசிகள் பழுதில்லாமல் சேர்ந்திருந்தன. மூன்று மாத ரசீது, விதானையாரின் முத்திரை, வீட்டுப் பதிவின் பிரதி, எல்லாவற்றுக்கும் மேலே ஆமி அதிகாரியின் கையெழுத்து. இப்படி ஒரு வாடகைக்காரனை இலங்கைத் தீவில் எங்கே தேடினாலும் காட்ட முடியாது. குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னரே கோணாமலை அவ்வளவையும் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

சித்திரை வருஷம் பிறந்து பத்து நாளில் பதில் வந்தது. இரண்டே வரி. அவருடைய பெயர், பதுளை, வைகாசி முதலாம் தேதி. இந்த முறை எழுத்துக் கூட்டுவதற்கு அதிகம் சிரமமில்லை.

சீ.ஆர். கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தார். ஆயிரத்திருநூறில் நானூறு போக எண்ணூறு. போதும். வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னார். சொல்லும்போது சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார், குரல் பாதியில் இறங்கிவிட்டது.

மங்கை கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கழுவி வந்த பிறகும் கண் சிவந்துதான் இருந்தது.

"நீ வேண்டாம் எண்டா நான் தனியப் போறன்" என்றார் கோணாமலை.

"தனியப் போய் அந்தக் குளிரில என்னத்தைத் தின்னப்போறீங்க? நானும் வாறன். மாஸ்டர் ஆக்கள் இரிக்கிறபடியால் வீடு வெறுமையாக் கிடக்காது."

பிறந்த நாள் முதல் அந்த வளவை விட்டு ஒரு மாதம்கூட வெளியே இருக்காதவள். கட்டிலுக்குக் கீழே குனிந்து எழுபத்துநாலாம் ஆண்டுத் தகரப் பெட்டியை அவளே இழுத்து வெளியே எடுத்துத் தூசி தட்டினாள். கோணாமலை அதைப் பார்க்க முடியாமல் விறாந்தைக்கு வந்துவிட்டார். அன்றைக்கு வாவியிலிருந்து வந்த காற்று வழமையைவிடக் குளிர்ச்சியாக வீசினது அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மஜீட் ஒரு கயிற்றுச் சுருளோடும் பெண்சாதி ஸஹீதா கொடுத்துவிட்ட மஸ்கெற் அல்வாவோடும் வந்தார். மாஸ்டர் கம்பளி கட்டினார். மங்கை பதுளையில் கிடைக்காது என்று நினைத்ததையெல்லாம் அடுக்கினாள். திரளிக் கருவாடு, மாசிக் கருவாடு, புளி, எலுமிச்சங்காய் ஊறுகாய் நாலு போத்தல்.

"போத்தல் உடைஞ்சிரும் அக்கா. சுத்துறத்துக்குக் கடதாசி ஏதும் தாங்க" என்றார் மஜீட்.

கோணாமலை கந்தோர்க் கோப்பை அப்படியே தூக்கிக் கொடுத்தார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி அது என்னத்துக்கு?

மஜீட் விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்து ஒவ்வொரு போத்தலாகச் சுற்றினார். மூன்று போத்தல் முடிந்தது. நாலாவதுக்கு ஒரு தாளை எடுத்து விரித்தவர், அதை அப்படியே முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்தார். உதடு மெதுவாக அசைந்தது. ஒருமுறை முடிவுவரைக்கும் போய், திரும்ப மேலேயிருந்து தொடங்கினார். தை மாதத்தில் வந்த முதல் கடிதம்.

"என்ன மஜீட், எழுத்துச் சிங்களம் கஷ்டமாக் கிடக்கா?" என்று கேட்டார் கோணாமலை.

"இல்ல சேர்." மஜீட் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கேக்கிறன் எண்டு கோவிக்கப்படா. அக்காவோட உங்களுக்கு மெய்யாவே ஏதும் மனத்தாங்கலா?"

"உனக்கென்ன விசரா? அது ஊர் கட்டின கதை."

"அப்ப இந்த ஊர் வேணாம் எண்டு வந்திட்டா?"

"ஆருக்கு மஜீட் இந்த ஊரை விட்டுப் போக ஆசை? விதி, போறம்."

மங்கை கையில் மாசிப் பொட்டலத்தோடு குசினி வாசலுக்கு வந்து நின்றாள். மாஸ்டரும் கம்பளிக் கட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மஜீட் அந்தத் தாளை ஊறுகாய்ப் போத்தலில் சுற்றுவதா வேண்டாமா என்று தெரியாதவர்போல இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னத்துக்கு சேர் ரசீது அனுப்பின நீங்க? சொந்த வீட்டிலயோ பொஞ்சாதிட வீட்டிலயோ இரிக்கிற ஒருத்தரையும் இந்தச் சண்டை நேரத்தில அசைக்கப்படா, வாடகை வீட்டில இரிக்கிற ஆள் ஆரும் இரிந்தா மட்டும் ரசீதோட காட்டுங்க, அவரை மாத்துவம் எண்டுதானே இதில எழுதியிரிக்கி."